சடையங்குப்பத்தில் ஆள் இல்லை

கணவர் அய்யாத்துரையை மூச்சோடு ஒரு படகில் ஏற்றிவிட வேண்டும். சென்ற கார்த்திகையில் வெள்ளம் வந்த அந்தக் காலையில் பெர்சிஸுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். கடைக்குள் அரிசி மூட்டை ஊறிக்கொண்டிருந்தது, பிஸ்கட் டப்பாக்கள் மிதந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சைமன் வந்தான். துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற தோள். அய்யாத்துரையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கித் தன் வீட்டு மாடி அறைக்கு ஏற்றினான். பின்னாலேயே அவன் மனைவி ஜானட்டும் பெர்சிஸும் ஆக்சிஜன் சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

"மெதுவாப் போடே. நான் என்ன சப்பரத்துச் சாமியா?" என்றார் அய்யாத்துரை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது.

"சாமியா இருந்தா எவ்ளோ நல்லாருக்கும் அண்ணாச்சி. வாய மூடிக்கினு வரும்" என்றான் சைமன்.

அய்யாத்துரைக்கு இதயம் தளர்ந்துபோய் இரண்டு வருடம். படுத்தால் நெஞ்சில் நீர் ஏறும். உட்கார்ந்தே தூங்குவார். வீட்டில் மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று உண்டு. மின்சாரம் நின்றால் சிலிண்டர். விடியற்காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பெர்சிஸ் அவரைச் சுவரோரம் நிமிர்த்தி உட்காரவைத்தாள். காலைத் தொங்கவிட்டாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பிறகு சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். முழுச் சிலிண்டர். நிமிடத்துக்கு நாலு லிட்டர் வீதம் ஆறு மணி நேரம் வரும். மூன்றாகக் குறைத்தால் எட்டு மணி நேரம் வரும். ஆனால் மூன்றில் அவருக்கு உதடு கருத்துவிடும். ஆக, பன்னிரண்டேகால் வரை. அதற்குள் இன்னொரு சிலிண்டர் வரவேண்டும், இல்லையென்றால் படகு வரவேண்டும்.

ஏழரைக்கு மகன் டென்னிஸுக்குப் போன் போட்டாள். அவன் அத்திப்பட்டிலேயே தங்கி, அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். அவனுக்கு அங்கே இரவு முறை முடியும் நேரம்.

"அப்பாவ மாடிக்கு ஏத்தியாச்சு. சிலிண்டர் பன்னெண்டு வரைக்கும்தான் தாங்கும். ஒண்ணு வாங்கிட்டு வா."

"மணலில வாங்கிக்கினு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடறேம்மா. நீ பதறாத."

"நான் எங்கல பதறுதேன்? நீ வா."

அது உண்மைதான். பெர்சிஸ் பதறுகிற ரகம் இல்லை. சாத்தான்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபத்தொரு வயதில் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். அவள் சர்ச்சுக்குப் போவாள், அவர் கோயிலுக்குப் போவார். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இது ஒரு சங்கதியே இல்லை. திருவொற்றியூரில் பெரியப்பாவின் மளிகைக் கடையில் பதினோரு வருடம் கையாளாக வேலை பார்த்துவிட்டு, அய்யாத்துரை வடசென்னை ஓரத்துச் சடையங்குப்பத்தில் சொந்தக் கடை போட்டார். பள்ளமான இடம், அதனால் மலிவு. மழைக்கு மழை தண்ணீர் வரும் என்று விற்றவன் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. முதல் வருடமே இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "சரி, நாளைக்கு மொத அலமாரிய ரெண்டடி ஒசத்திருவோம்" என்றாள் பெர்சிஸ். அவ்வளவுதான் அவள் புலம்பல். அலமாரியை உயர்த்தினார்கள். அடுத்த வெள்ளத்துக்கு இன்னும் உயர்த்தினார்கள்.

கடையில் மளிகையோடு போனுக்குப் பணம் ஏற்றும் வேலையும் உண்டு. அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு கம்பெனியின் சிக்னல்தான் ஒழுங்காக எட்டும். மற்றக் கம்பெனிகளின் செல்போன் கோபுரமெல்லாம் தொழிற்சாலைச் சுவர்களுக்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் அந்தப் பக்கம். ஆகவே ஊரே அந்த ஒரு கம்பெனி. அத்தனை பேர் நம்பரும் பெர்சிஸுக்கு மனப்பாடம். எந்தப் போன் யாருடையது என்று உறையைப் பார்த்தே சொல்லுவாள்.

அந்தப் பழக்கத்தில்தான் வெள்ளக் காலத்தில் ஊருக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் ஏறினால் பெண்களும் பிள்ளைகளும் டிராக்டரில் ஏறி மணலிப் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். ஆண்களும் வயதானவர்களும் போகமாட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கேஸ் சிலிண்டர்கூட மிஞ்சாது. ஆடு கோழியை யார் பார்ப்பது? மாடியில், கூரையில், தொட்டி மேல் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்குப் போன் எதற்கு? மின்சாரம் இல்லை, சார்ஜ் ஏற்ற வழியில்லை, நனைந்தால் போச்சு. அதனால் பெர்சிஸ் எல்லாப் போனையும் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி, இரண்டு பெரிய பைகளில் கட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே ஜெனரேட்டர் ஓடும். இருபது துளை உள்ள மின்பலகைகள் நாலு வாங்கி வைத்திருந்தாள். முறைவைத்து எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றி, சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பதில் சொல்லி, தண்ணீர் வடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து அவரவர் கையில் கொடுப்பாள். கடைசியாக வந்த மூன்று வெள்ளத்திலும் இதுதான் நடந்தது. நூற்று நாற்பது போன். ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூட நனையவில்லை. அப்போது அய்யாத்துரைக்கு நோய் இல்லை, ஒவ்வொரு தடவையும் கடையைக் காத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். அவருடைய போனும் அந்தப் பையில்தான் போனது.

இந்தத் தடவை அவரை விட்டுவிட்டு அவளால் போகமுடியாது. எட்டு மணிக்கு டிராக்டர் தெருமுனையில் வந்து நின்றது. சிலிண்டரோடு ஓர் ஆளை அதில் மழையில் நிறுத்திக் கொண்டுபோக முடியாது. ஏற்கெனவே நாற்பது பேர் நின்றார்கள்.

"இன்னாக்கா, இந்த வாட்டி நீ வரலியா?" என்றாள் ஜானட்.

"நீ கொண்டுபோ. சீட்டு எல்லாம் ஒட்டியிருக்கு. மொதல்ல பழைய போனுக்குப் போடு, அதுதான் சீக்கிரம் சாவும். யாரு கூப்பிட்டாலும் எடுத்து, நல்லா இருக்காகன்னு சொல்லு."

"உன் போனு?"

"அது என்ட்ட இருக்கட்டும்."

நாற்காலியிலிருந்து அய்யாத்துரை, "ஏட்டி, நீயும் போ. நான் கிடந்துக்கிடுவேன்" என்றார்.

"கிடக்கக்கூடாதுன்னுதான் உக்கார வச்சிருக்கேன். பேசாம இரிங்க."

எட்டரைக்கு டென்னிஸ் எங்கே வருகிறான் என்று கேட்கப் போனை எடுத்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மாடியின் நாலு மூலைக்கும் போய்ப் பார்த்தாள். மொட்டைமாடிக்கு ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்திப் பார்த்தாள். இல்லை. தெற்கே கோபுரம் கண்ணெதிரே நின்றது. நேரே, ஒரு கேடும் இல்லாமல் நின்றது. தலையில் சிவப்பு விளக்குகூட எரிந்தது. அதனால் அவளுக்கு நம்பிக்கை வந்தது. விழவில்லை, விளக்கு எரிகிறது. ஏதோ கோளாறு, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

போனில் பாதிச் சார்ஜ்தான் இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் போனைத் திறந்தே வைத்திருந்தால் தேடித் தேடியே செத்துப்போகும். வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்கிற புத்தி அது. அணைத்து வைத்தாள். மணிக்கு ஒரு தடவை சிலிண்டர் முள்ளைப் பார்க்கும்போது போனையும் திறப்பது, ஐந்து நிமிடம் பார்ப்பது, மறுபடி அணைப்பது. ஒன்பது மணிக்குத் திறந்தாள். இல்லை. முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. பத்து மணிக்குத் திறந்தாள். இல்லை. டென்னிஸையும் காணவில்லை.

பத்து மணிக்கு மேல் அய்யாத்துரையின் நெற்றியில் வியர்வை பூத்தது. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பெர்சிஸ் துடைத்தாள். தண்ணீர் கேட்டார்; உதட்டை மட்டும் நனைத்தாள்.

"என்னட்டி, ரேசன்ல குடுக்க மாதிரி குடுக்க."

"உங்களுக்கு அளவு ஒரு லிட்டர். நேத்தே ஒண்ணேகால் குடிச்சாச்சு."

"கணக்குப்பிள்ளைய கட்டிக்கிட்டேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமலில் நுரை வந்தது, கொஞ்சம் ரோஸ் நிறத்தில். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள்: இது வந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அவள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் நுரையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் சைமன் உட்கார்ந்திருந்தான்.

"சைமனு, படகு வேணும். இப்பவே."

"போனு?"

"எடுக்கல."

சைமன் எழுந்து சட்டையைக் கழற்றினான். "கழுத்தளவு கீதுக்கா. பரவால்ல, செவுத்தப் புடிச்சிக்கினே பூட்றேன். நீ அண்ணாச்சியப் பாத்துக்க." பத்தரைக்குத் தண்ணீரில் இறங்கினான். மண்டபம் இரண்டரைக் கிலோமீட்டர். மற்ற நாளில் அரை மணி நடை.

பதினொரு மணிக்குத் திறந்தாள். இல்லை. பன்னிரண்டு மணிக்குத் திறந்தாள். இல்லை. சிலிண்டரை மூன்றாகக் குறைத்தாள், உதடு கருத்தது, திரும்ப நாலு வைத்தாள். பன்னிரண்டே காலுக்கு முள் கீழே உட்கார்ந்தது. குழாயிலிருந்து வந்துகொண்டிருந்த சன்னமான சீறல் நின்றது. அய்யாத்துரை அதைக் கேட்டார். அவளைப் பார்த்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்திக்கொண்டாள். நிமிர்ந்திருந்தால் கொஞ்சம் காற்று கூடுதலாகப் போகும். வேறொன்றும் செய்வதற்கில்லை. அவர் தலை அவள் நெஞ்சில் கனத்தது. மூச்சு எண்ணிக்கை முதலில் கூடியது, பிறகு இடைவெளி விட்டது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

படகு வந்தது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. முன்னால் சைமன், நடுவில் டென்னிஸ். அவன் மடியில் முழுச் சிலிண்டர்.

டென்னிஸ் நேரத்துக்கே மணலிக்கு வந்துவிட்டிருந்தான். சிலிண்டரும் வாங்கிவிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டான், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. வெள்ள நாளில் அம்மாவின் போன் எப்போதும் அப்படித்தான். ஊர்ப் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றி முடியும்வரை தன்னுடையதை அணைத்துப் பையில் போட்டுவிடுவாள், மண்டபத்தில் இருப்பாள். யாரோ அப்பாவையும் கூட்டிக்கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்து, உடைந்த சாலையில் மூன்று மணி நேரம் மாட்டிச் சுற்றிக்கொண்டு சிலிண்டரை மண்டபத்துக்குக் கொண்டுபோனான். அங்கே பைகளோடு ஜானட் உட்கார்ந்திருந்தாள். அதே நேரத்தில் சைமன் முழங்காலெல்லாம் கிழிந்து உள்ளே வந்தான். மீட்புப் படகு மண்டபத்து வாசலிலேயே கட்டிக் கிடந்தது. படகுக்காரர் வழியெல்லாம் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டு வந்தார்:

"காலையிலருந்து சும்மா தானே குந்தினு கீறோம். ஒரு போனு வந்திருந்தா இருபது நிமிசத்துல வந்திருப்போமே. உங்க பக்கத்துலருந்து ஒரு போனுகூட வரலியேப்பா."

மூலக்கொத்தளம் இடுகாட்டில், அவருடைய பெரியப்பா கிடக்கும் வரிசையிலேயே குழி வெட்டினார்கள். குழியில் ஊறிய தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டுத்தான் இறக்க முடிந்தது.

அதற்குப் பிறகு டென்னிஸ் வீட்டில் பேசிய முதல் பேச்சு, "ஏம்மா போன அணைச்ச?" என்பதுதான்.

"சார்ஜ் தீந்துரும்லா."

அந்தக் கேள்வியை அம்மாமேல் வைக்க முடியாமல் கம்பெனிமேல் வைத்தான். கோபுரம் நின்றது, விளக்கு எரிந்தது, சிக்னல் மட்டும் ஏன் இல்லை? மனு எழுதினான், திரும்பத் திரும்ப எழுதினான். ஒரு மாதம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட பகுதியில் பயன்படுத்துவோர் எவரும் இருந்ததாகப் பதிவு இல்லை.

"ஆளே இல்லியாம்மா!" என்று அந்தத் தாளை மேசையில் அடித்தான். "எங்கப்பா ஆளு இல்லியா? கோர்ட்டுக்கு இழுக்காம வுட மாட்டேன்."

அடுத்த வாரம் விசாரிக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். ஷாரிக் என்று பெயர், ராயபுரத்துப் பையன், முப்பது வயதிருக்கும். அந்தக் கோபுரத்தைப் பராமரிக்கிறவன். மாதம் ஒரு முறை வரும்போது பெர்சிஸின் கடையில் பன் தின்பான். வாசலில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரத் தயங்கினான்.

"ஆன்ட்டி, நான் ரிப்பேர் ஆளு. ஆர்டர் போடறவன் இல்ல."

"நீ ஆர்டர் போட்டன்னு யாரு சொன்னா? உக்காரு. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

டென்னிஸ் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஷாரிக் சொன்னான்.

"கரண்டு போனா கோபுரம் பேட்டரியில ஓடும். பூமிக்கடில போற கேபிளு அறுந்துச்சுன்னா, மேல கீற சின்னக் குடை வழியா சேட்டிலைட்டோட பேசும். பேட்டரி கொஞ்சம்தான், சேட்டிலைட்டு வழியும் குறுகலு. எல்லா கோபுரத்துக்கும் சமமாக் குடுத்தா ஒருத்தருக்கும் உருப்படியா கெடைக்காது. அதனால எந்த நேரத்துல எந்த எடத்துல எத்தினி பேர் பேசுவாங்கன்னு முன்னாடியே கணிச்சி, ஆளு கீற எடத்துக்கு நெறைய குடுக்கும். இல்லாத எடத்துக் கோபுரத்தத் தூங்க வச்சிடும்."

"யாரு கணிக்கிறது?"

"ஆளு இல்ல ஆன்ட்டி. மெஷினு. பழசையெல்லாம் பாத்துக் கத்துக்குது. நல்லதுதான் அது. மின்ன எல்லாம் வெள்ளம் வந்தா மண்டபத்துல பத்துக்கு ஒரு போனுதான் எடுக்கும், ஆயிரம் பேர் முட்டிக்குவாங்க. இந்த வாட்டி கேட்டுப் பாரு, வீடியோவே பேசினாங்க."

அது உண்மை. ஜானட் வந்து சொல்லியிருந்தாள், மண்டபத்தில் அன்று போன் அப்படி எடுத்தது என்று.

"அப்ப எங்கள ஏன் ஆளு இல்லாத எடம்னு நெனச்சது?"

ஷாரிக் கையிலிருந்த பலகைக் கணினியைத் திருப்பிக் காட்டினான். ஊரின் வரைபடம், அதில் புள்ளிகள். "ஒரு புள்ளின்னா ஒரு போனு. பேரெல்லாம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான். இது மூணு வெள்ளத்துக்கு மின்னாடி நடந்தது. பாத்துக்க." விரலால் தட்டினான். காலை எட்டு மணிவாக்கில் புள்ளிகள் எல்லாம் தெருவைவிட்டுக் கிளம்பின. கூட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறி மண்டபத்தில் போய் நின்றன. சடையங்குப்பம் வெறுமையாகிவிட்டது. "அடுத்த வெள்ளம்." அதே. "அதுக்கடுத்தது." அதே. "மூணு வாட்டியும் நூத்துக்கு நூறு பேரும் கெளம்பிப் பூட்டாங்க. வேற எந்த ஊர்லயும் இவ்ளோ ஒழுங்கா காலி பண்ணதே இல்ல. அதான் நாலாவது வாட்டி வெள்ளம் வந்ததும், ஜனங்க கெளம்பிட்டாங்கன்னு முடிவு பண்ணிடுச்சு. அன்னிக்கும் எட்டு மணிக்குப் புள்ளியெல்லாம் கெளம்புச்சு. ஒரே ஒரு புள்ளி மிச்சம் நின்னுச்சு, அதுவும் பின்னாலயே வந்துடும்னு எட்டரைக்குத் தூங்க வச்சிடுச்சு."

பெர்சிஸ் அந்தக் கூட்டப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர் வேகத்தில் அவை நகர்ந்தன. பாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றன. அங்கேதான் ஒவ்வொரு தடவையும் டிராக்டர் நிற்கும், அவள் பைகளை மடிமேல் மாற்றி வைத்துக்கொள்வாள். அதில் ஒரு புள்ளி அய்யாத்துரையுடையது.

"தூங்கினா தூங்கினதுதானா? முழிக்கவே முழிக்காதா?"

"முழிக்கும். நாப்பது நிமிசத்துக்கு ஒரு வாட்டி ரெண்டு நிமிசம் கண்ணத் தொறந்து பாக்கும். ஒரே ஒரு போனு தட்டுப்பட்டாக்கூட முழிச்சிக்கும். அன்னிக்கு ஒண்ணும் தட்டுப்படல."

"எந்தெந்த நேரம்?"

அவன் பார்த்துப் படித்தான். "ஒன்பது பத்து. ஒன்பது அம்பது. பத்தரை. பதினொண்ணு பத்து. பதினொண்ணு அம்பது..."

அவள் ஒன்பதுக்குத் திறந்து ஐந்து நிமிடத்தில் அணைத்தாள். பத்துக்குத் திறந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. மடியிலிருந்த துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்குமேல் மடிக்க வரவில்லை.

"ஜனங்க போகல தம்பி" என்றாள். "போனுதான் போச்சு."

ஷாரிக்குக்குப் புரியவில்லை.

"நான்தான் கொண்டுபோனேன். நூத்தி நாப்பது போனையும் பையில கட்டி, சார்ஜ் போட, மண்டபத்துக்கு. ஆம்பளைகளும் கெழடு கெட்டைகளும் இங்கதான் இருந்தாக. மூணு வெள்ளத்துக்கும் இங்கதான் இருந்தாக. உன் மெஷினுக்கு அதச் சொல்லிக்குடுத்தது நான்."

டென்னிஸ் கதவைவிட்டு விலகி வந்தான். "அம்மா, வாய மூடு. நீ இன்னா பேசறன்னு தெரியுதா? இத எழுதிக்கினு போனா கேசு அவ்ளோதான். உங்கம்மாதான் காரணம்னு அவன் கைகழுவிட்டுப் போயிடுவான்."

"கழுவட்டும்."

"அப்பாவுக்கு நியாயம் வேணாமா?"

"உங்கப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரு சிலிண்டர். அது வரல." அவள் குரல் உயரவில்லை. "நீ மண்டபத்துக்கு ஏம்ல போன? வெள்ளம்னா அம்மா மண்டபத்துல இருப்பான்னுதான? நீயும் பழசப் பாத்துத்தான் போன. உன்ன நான் கோர்ட்டுக்கு இழுக்கவா?"

டென்னிஸ் கடைப் படியில் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. பெர்சிஸ் எழுந்துபோய்த் தேற்றவில்லை. அழுகிறவனை அழவிடுவது நல்லது. மாதக்கணக்காக அவன் அழவே இல்லை.

"தம்பி, இத எப்படிச் சரிபண்றது?" என்றாள் ஷாரிக்கிடம். "கார்த்திகைக்கு மறுபடி மழை வரும்."

ஷாரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "போன வச்சி ஆள எண்ணாத, நேர்ல எடுத்த எண்ணிக்கைய வச்சிக்கன்னு மேல எழுதலாம். அதுக்கு வீடு வீடா, வெள்ளத்துல எத்தினி பேர் தங்குவாங்கன்னு லிஸ்ட்டு வேணும். ஆதாரம் கீதுன்னா ஒத்துக்குவாங்க. நான் எடுத்துக்கினு போய்க் குடுக்கறேன். ஆனா வீடு வீடா கேக்க ஒரு வாரம் ஆவும்."

"எதுக்குக் கேக்க? நான் சொல்லுதேன். எழுது."

தெருமுனையிலிருந்து தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, போன் உறை உறையாக நினைவுபடுத்திச் சொன்னாள். பவுனம்மாள் வீடு, மூன்று பேர். பவுனம்மாளுக்குக் கண் தெரியாது, நகரமாட்டாள், அவளை விட்டு மகன்கள் இரண்டு பேரும் நகரமாட்டார்கள். பச்சைக் கேட்டு வீடு, ஒருவர், ஆட்டுக்காக. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள மூன்று குடித்தனம், மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், அதைத் தனியாக எழுது. அவன் தட்டத் தட்ட அவள் சொல்லிக்கொண்டே போனாள். முதல் தெரு முடிந்தது. இரண்டாம் தெரு முடிந்தது. எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. படியில் உட்கார்ந்திருந்த டென்னிஸ் திரும்பாமலே, "நம்ம கடைக்குப் பின்னால ஒரு புதுக் குடித்தனம் வந்துகீதும்மா, ரெண்டு பேர்" என்றான்.

"அதையும் எழுது."

மூன்றாம் தெருவுக்கு வந்தார்கள். கடை வீடு.

"நம்ம வீடு, ரெண்டு பேர்" என்றாள் பெர்சிஸ்.

ஷாரிக் இரண்டு என்று தட்டினான். தட்டிவிட்டு நிமிரவில்லை. டென்னிஸும் திரும்பவில்லை. பெர்சிஸ் சொன்னதை அவளே கேட்டாள்.

"அத அழி தம்பி."

"இருக்கட்டும் ஆன்ட்டி. ஒண்ணு கூட இருந்தா ஒண்ணும் ஆவாது."

"அழி. ஒண்ணுன்னு போடு. மறுபடியும் அது தப்பாக் கத்துக்கிடக் கூடாது."

அவன் அழித்தான்.

"அடுத்தது சைமன் வீடு" என்றாள். "சைமன் மட்டும். எழுதிட்டியா? அதுக்குப் பக்கத்து வீடு, நாலு பேர்."